தெரியாத வரைக்கும் தற்செயல்

எங்கள் ஊரில் சம்பளம் கொடுப்பதே, ஒன்றைப் போல இன்னொன்றைச் செய்வதற்குத்தான். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் இந்த ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. லாரியின் அச்சு, மொபெட்டின் பிஸ்டன், கைக்கடிகாரத்தின் பல்சக்கரம், இப்போது கூத்தனப்பள்ளிப் பக்கம் ஐபோனின் மேலுறை. எதுவானாலும் பத்தாயிரமாவது துண்டு முதல் துண்டின் அளவுக்குள் நிற்க வேண்டும். நின்றால் ஓகே, இல்லாவிட்டால் ரிஜெக்ட். இடையில் வாதத்துக்கு இடமில்லை.

அப்பா டைட்டன் ஆலையில் இருந்தவர். 1980களின் பிற்பகுதியில் ஆலை தொடங்கிய காலத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர். கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கல் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணித்தான் நொடி முள் ஒரு அடி எடுத்து வைக்கிறது. ஆனால் எந்தக் கல்லும் அந்தக் கணக்கில் அப்படியே அதிர்வதில்லை. வெயிலுக்கு ஒரு மாதிரி, குளிருக்கு ஒரு மாதிரி. மாதத்துக்குப் பதினைந்து நொடி முன்னே பின்னே போனால் சாதாரணக் கடிகாரத்துக்கு அது மோசமில்லை. அப்பா அதைப் ‘பிசகு’ என்பார். அந்தப் பிசகைக் குறைப்பதே அவருடைய வேலை.

நான் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறவன். என் வேலை அந்தப் பிசகைச் சேகரிப்பது. போனில் கெர்னல் என்ற மைய நிரல் எழும்புவதற்கு முன்னால் பூட்லோடர் என்று ஒரு சின்ன நிரல் ஓடும். ஆண்ட்ராய்டு போன்களுக்கு அதை எழுதித் திருத்தும் குழுவில் இருக்கிறேன். வெளியே யாருக்கும் தெரியாத வேலை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் “சாஃப்ட்வேர்” என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இந்த வேலையில் இருந்துகொண்டு பழைய மதக் கேள்வி ஒன்றை விடமுடியாமல் சுற்றி வருகிறேன். விதி, தற்செயல் என்று நாம் சொல்லும் இரண்டும் உண்மையில் இரண்டுதானா என்பதே அது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலும் அது கையாளும் தகவல்களும் நினைவகத்தில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், அதுதான் முகவரி. எழுதியவர் பத்து எழுத்துக்கு இடம் விட்டு, வருவது பத்துதானா என்று பார்க்க மறந்தால், பதினோராவது எழுத்து பக்கத்து இடத்தில் போய் விழும். அந்தப் பக்கத்து இடத்தில் ‘இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற முகவரி எழுதியிருந்தால் வந்தது வினை. வேண்டுமென்றே நீளமாக அனுப்பி, அந்த முகவரியை அழித்து, தனக்கு வேண்டிய முகவரியை எழுதிவிடலாம். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் மாணவர் விட்ட புழு இணையத்தையே தள்ளாட வைத்தபோது, அது பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. 1996இல் ‘ஃப்ராக்’ இதழில் வந்த ஒரு கட்டுரை இந்த வித்தையைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது. அதற்குப் பிறகு இது பள்ளிப் பையனுக்கும் கைவந்த கலை.

தனக்கு வேண்டிய முகவரியை எழுதலாம் என்றேன். அது எந்த எண் என்று தாக்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? எல்லா இயந்திரத்திலும் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால், தன் வீட்டு இயந்திரத்தைத் திறந்து பார்த்தாலே போதும். ஒன்றைப் போல இன்னொன்று என்ற ஓசூர் தர்மம்தான் அவனுடைய பலம். 2001இல் பாக்ஸ் என்ற பெயரில் இயங்கிய லினக்ஸ் ஆட்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். நிரல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அடுக்கு வேறு இடத்தில் தொடங்கட்டும் என்றார்கள். ஏ.எஸ்.எல்.ஆர். என்று அதற்கு நாமகரணம் செய்ததும் அவர்கள்தான். பிறகு இயங்குதளங்கள் ஒவ்வொன்றாக இதை ஏற்றன: 2003இல் ஓபன்பிஎஸ்டி, 2005இல் லினக்ஸ் கெர்னல், 2011 மார்ச்சில் ஐபோன், அதே ஆண்டு கடைசியில் அரைகுறையாக ஆண்ட்ராய்டு 4.0, அடுத்த ஆண்டு 4.1இல் முழுதாக.

பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை, அடுத்து தையல் கடை, அடுத்து நகை அடகுக் கடை. வரிசை மாறாது. ஆனால் ஒவ்வொரு இரவும் தெரு மொத்தமாகச் சில பர்லாங் நகர்ந்துவிடுகிறது. நேற்றைய விலாசத்தை வைத்துக்கொண்டு அடகுக் கடைக்கு வரும் திருடன் பொட்டல் காட்டில் நிற்பான். இதில் ஒரு பலவீனமும் இருக்கிறது. வரிசை மாறவில்லை அல்லவா? மளிகைக் கடை இன்று எங்கே என்று யாராவது உளறிவிட்டால், அடகுக் கடையும் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு முகவரி கசிந்தால் தெரு முழுக்கக் கசிந்த மாதிரி.

இன்றிரவு எத்தனை பர்லாங் நகர்வது என்று தீர்மானிப்பது யார்? அங்கேதான் என் பிழைப்பு. கெர்னலின் சொந்த முகவரியைக் கலைக்க ஓர் எண் வேண்டும். கெர்னல் அப்போதுதான் கண் திறக்கிறது, அதனிடம் கைமுதல் ஒன்றும் இல்லை. அதனால் பூட்லோடர் ஓர் எண்ணைத் தயார் செய்து கையில் கொடுத்தனுப்ப வேண்டும். சீட் என்போம் அதை. கொடுக்காமல் விட்டால், சீட் இல்லாததால் கலைக்கவில்லை என்று கெர்னல் தன் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எழும்பிவிடும். போன் பேசும், படம் எடுக்கும், பணம் அனுப்பும். வாங்கியவருக்குத் தன் தெரு நகர்வதில்லை என்பது ஒருநாளும் தெரியாது.

சீட்டை எங்கிருந்து எடுப்பது? ஒரே வார்ப்பில், ஒரே லைனில், ஒரே மென்பொருளோடு வெளியே வரும் ஆயிரம் கருவிகள் முதன்முதலில் கண் விழிக்கும்போது அச்சாக ஒன்று போலவே விழிக்கின்றன. கற்பனை இல்லை இது. 2012இல் நாடியா ஹெனிங்கரும் கூட்டாளிகளும் இணையம் முழுக்கத் துழாவிப் பார்த்தபோது, ரௌட்டர் போன்ற ஏராளமான கருவிகள் ஒரே ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். பிறந்தவுடன், வேறுபட ஒரு காரணமும் கிடைக்காத நேரத்தில் சாவி செய்துகொண்ட கருவிகள் அவை. அதனால் சில்லுக்குள்ளேயே வட்டமாகத் துடிக்கும் சுற்றுகளை வைக்கிறார்கள். துடிப்புக்குத் துடிப்பு இம்மியளவு முன்னே பின்னே போகும். வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் போடும் கூச்சல் அது. அப்பா முப்பது ஆண்டு விரட்டிய அதே பிசகு. அதைப் பிடித்துத் திரட்டி எண்ணாக்குகிறோம்.

அந்த எண் கைக்கு வந்த பிறகு நடப்பதெல்லாம் வெறும் கணக்கு. லினக்ஸ் 2016 முதல் சாச்சா20 என்ற முறையில் சீட்டிலிருந்து எண்களை இழுக்கிறது. அதே சீட் கொடுத்தால் அதே எண்கள், அதே வரிசையில், என்றைக்கும். போனுக்குள் நாம் தற்செயல் என்று நம்பியிருப்பது பெரும்பாலும் எழுதி முடித்த விதி. யாருக்கும் சொல்லாத விதி, அவ்வளவே.

இதை முதன்முதலில் யோசித்தபோது எனக்கு ஆசீவகர் ஞாபகம்தான் வந்தது. ஞாபகம் வரக் காரணம் இந்த மண். ஆசீவகரின் ஆசான் மற்கலி கோசாலர், புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவர். எல்லாம் நியதி, முயற்சியால் ஒரு மயிரளவும் மாறாது என்றவர். எறிந்த நூற்கண்டு நூல் உள்ள மட்டும் உருண்டு பிரிந்து ஓய்வது போல, மூடனும் அறிவாளியும் தத்தமக்கு விதித்த பிறவிகளை ஓடி முடித்தே ஓய்வார்கள் என்று அவர் சொன்னதாகப் பௌத்த நூல் பதிந்திருக்கிறது. அசோகர் பராபர் குன்றில் ஆசீவகருக்குக் குகை வெட்டிக் கொடுத்தார். பிறகு வடக்கே மங்கிப்போனார்கள். எங்கே போனார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஏ.எல்.பாஷம் 1951இல் எழுதிய புத்தகத்தில் துப்புத் துலக்குகிறார். கிழக்கு மைசூர்ச் சீமையிலும் அதை ஒட்டிய தமிழ்ப் பகுதியிலும் 14ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் பிழைத்திருந்தார்கள். அவர்கள் மேல் போட்ட வரி கல்வெட்டில் இருக்கிறது. வேலூர்ப் பக்கம் பொய்கையில் ஆசுவக்கடமை என்று. கோலார்ப் பக்கத்துக் கல்வெட்டுகளும் பேசுகின்றன. மதம் செத்துப்போனது, வரி ரசீது மிஞ்சியது.

அதாவது, எல்லாம் எழுதியாயிற்று என்று நம்பிய உலகத்தின் கடைசி மனிதர்கள் இந்த எல்லைச் சீமையில்தான் இருந்தார்கள். இன்று அதே கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில், 2023இல் விஸ்ட்ரானிடமிருந்து டாடா வாங்கிய ஆலையில் ஐபோன் கோர்க்கிறார்கள். மாலூர் வழியாகப் போனால் ஓசூரிலிருந்து அது தூரமே இல்லை. ஆசீவகமே தமிழர் மதம், மற்கலி தமிழர் என்று க.நெடுஞ்செழியன் போன்றவர்கள் வாதிட்டார்கள். அவ்வளவு தூரம் போக எனக்குச் சான்று போதவில்லை. விதி என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்தப் புறநானூற்றுப் பாட்டையும் விட்டுவிடுகிறேன். மேடைக்கு மேடை இழுத்து அது களைத்துப்போயிருக்கிறது. தமிழில் ஆசீவகரைச் சந்திக்க வேறு வாசல்கள் உண்டு. வஞ்சியில் மணிமேகலை பல சமயத்தாரிடம் கேட்டுக்கொண்டே வரும்போது ஓர் ஆசீவகரும் பேசுகிறார். சமணக் காப்பிய நாயகி நீலகேசி குக்குட நகரத்துக்குப் போய்ப் பூரணன் என்ற ஆசீவக ஆசானோடு மல்லுக்கு நிற்கிறாள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அவர்களை மறுக்கிறார். கவனித்தீர்களா, எல்லாமே எதிராளிகளின் நூல்கள். ஆசீவகர் எழுதியது ஒன்றுகூட நம் கையில் இல்லை. எதிர்க்கட்சி வக்கீலின் வாயால் மட்டுமே அவர்கள் வாக்குமூலத்தைக் கேட்கிறோம்.

அந்த வாதங்களிலேயே கூர்மையானது சமணரின் உவாசகதசாவோ என்ற பிராகிருத நூலில் இருக்கிறது. சத்தாலபுத்தர் ஒரு குயவர், பணக்காரர், ஆசீவகர். வெயிலில் பானைகள் காய்கின்றன. மகாவீரர் வந்து கேட்கிறார்: இந்தப் பானை முயற்சியால் ஆனதா, முயற்சி இல்லாமலா? எல்லாம் நியதி, முயற்சி என்று ஒன்று இல்லை என்கிறார் குயவர். சரி, ஒருவன் வந்து உன் பானைகளைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தவறாக நடந்தாலோ என்ன செய்வாய்? அடிப்பேன், கட்டிப்போடுவேன், கொன்றே போடுவேன் என்று குயவர் கொதிக்கிறார். எல்லாம் நியதி என்றால் அவன் ஒன்றும் செய்யவில்லையே, அவனை ஏன் அடிக்கிறாய்? குயவர் மாட்டிக்கொண்டார். கட்சி மாறிவிட்டார்.

இரண்டாயிரம் ஆண்டாக இது வென்ற வாதம். நம் வீடுகளிலும் இதன் பேரப்பிள்ளைகள் உலவுகின்றன: விதி என்றால் கதவை ஏன் பூட்டுகிறாய்? என் தொழிலில் இருந்து பார்த்தால் எனக்குக் குயவர் பக்கம் இன்னும் ஒரு வாய்தா பாக்கி இருப்பதாகத் தோன்றுகிறது. போனுக்குள் நிரல் ஏறப்போகும் முகவரி சீட் விழுந்த கணத்திலேயே முடிவாகிவிட்டது. மாற்றுவார் யாரும் இல்லை. ஆனாலும் அது காவல் காக்கிறது. வெளியில் நிற்கிறவனுக்கு அது தெரியவில்லை, அவனுக்கு அது பல இடங்களில் ஏதோ ஒன்று. வெப்பக் கூச்சலுக்கு அடியில் குவாண்டம் இருக்கிறது, அங்கே உண்மையிலேயே நியதி கிடையாது என்று இயற்பியலார் சொல்வார்கள். இருக்கட்டும். பாதுகாப்புக்கு அது தேவையே இல்லை. மற்கலி சொன்னது கடைசி அணு வரைக்கும் உண்மையாக இருந்தாலும் என் போன் பத்திரம்தான். நிச்சயமாகிவிட்டதா என்பது ஒரு கேள்வி, யாருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. மகாவீரரும் நீலகேசியும் முதல் கேள்வியைக் கேட்டே வென்றார்கள். பூட்டு இரண்டாவது கேள்விக்கான கருவி. திருடன் வருவதும் அகப்படுவதும் முன்பே எழுதியிருந்தாலும், எழுதியதைப் படிக்காத குயவர் பூட்டுப் போடுவதில் எந்த முரணும் இல்லை.

தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் தாய்மாமன் ஜாதகம் பார்ப்பவர். இதை அவரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை.

“இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானப்பா. கட்டம் பொறந்த நேரத்துலயே விழுந்துருச்சு. அதை மாத்த முடியாது. ஆனா கண்டவன் கையில குடுக்கக் கூடாது.”

“ஏன் மாமா? மாத்தவே முடியாதுன்னா யார் பார்த்தா என்ன?”

“உங்க பாட்டி உன் நட்சத்திரத்தை யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்காளா? கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்றப்பகூட ஐயர் காதுகிட்ட போய்ச் சொல்லுவா. பேரும் நட்சத்திரமும் அம்மா பேரும் சேர்ந்து ஒருத்தன் கையில கெடைச்சா செய்வினை வெச்சுருவான்னு பயம்.”

உண்மைதான். பாட்டி அப்படித்தான் செய்வாள். செய்வினையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பயத்தின் கட்டுமானம் அப்பழுக்கில்லாதது: மாறாத ஒன்று, மாறாததாலேயே அபாயமானது, மறைத்து வைப்பதே காவல். பாட்டி ஒரு நாளும் விதியை மாற்றப் பார்த்தவள் இல்லை. யாருக்குத் தெரியலாம் என்பதில்தான் கண்ணும் கருத்துமாக இருந்தாள்.

மாமாவிடம் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி உண்டு; அவர் தொழிலுக்கு அது உவப்பாக இருக்காது. ஆண்ட்ராய்டில் ஸைகோட் என்று ஒரு தாய் நிரல் இருக்கிறது. போன் எழும்பும்போது அது ஒரு முறை எழுந்து பொதுவாக வேண்டியவற்றையெல்லாம் நினைவகத்தில் அடுக்கிக்கொள்ளும். பிறகு நீங்கள் திறக்கும் ஒவ்வொரு ஆப்பும் அதன் வயிற்றிலிருந்து பிரதியாகப் பிறக்கிறது. சீக்கிரம் திறக்க வேண்டுமே, அதற்காக இந்த ஏற்பாடு. விளைவு என்னவென்றால் தாயின் அடுக்கே பிள்ளைகள் எல்லோருக்கும். வங்கி ஆப்பும் விளையாட்டு ஆப்பும் ஒரே கட்டத்தில் பிறந்தவை. கெட்ட நோக்கத்தோடு எழுதிய ஒரு டார்ச் லைட் ஆப், தன் முகவரிகளைத் தானே பார்த்துக்கொண்டால் போதும், பக்கத்து ஆப்பின் பொது நூலகங்கள் எங்கே என்று தெரிந்துவிடும். 2014இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். தன்னை அறிந்தால் மற்றதெல்லாம் அறியலாம் என்று நம் பெரியவர்கள் முக்திக்குச் சொன்னது, இங்கே திருட்டுக்கு வாகாக அமைந்துவிட்டது. கிராஃபீன் ஓஎஸ் போன்ற சில அமைப்புகள் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பெற்றெடுக்கின்றன. நேரமும் நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். பெரும்பாலான போன்கள் அந்தச் செலவை ஏற்கவில்லை.

மறுபிறவிக்கும் இங்கே இடமுண்டு. 2015 ஜூலையில் ஜோஷுவா டிரேக் என்பவர் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டையை வெளியிட்டார். ஒரு எம்எம்எஸ் வீடியோ வந்தாலே போதும், நீங்கள் தொடக்கூட வேண்டாம். முகவரியைக் கலைத்திருக்கிறோம், பயமில்லை என்றார்கள். சில வாரங்களில் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோவைச் சேர்ந்த மார்க் பிராண்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்றைய 32 பிட் போன்களில் கலைப்புக்குக் கிடைத்தது வெறும் 8 பிட், அதாவது 256 இடங்கள். தப்பாகக் குறிவைத்தால், வீடியோவைக் கையாளும் மீடியாசர்வர் என்ற நிரல் செத்துவிழும். செத்ததைக் கணினி சில நொடிகளில் மறுபடி பிறக்கவைக்கும். எதிராளி மறுபடி எறிவான். எத்தனை முறை செத்தாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏதோ ஒரு பிறவியில் மாட்டிக்கொண்டால் ஆயிற்று. எண்பத்து நான்கு லட்சம் மகாகல்பம் என்று மற்கலி பெரிய எண்ணாகச் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. 256 பிறவி என்றால் அது காவல் இல்லை, கண்துடைப்பு. பிறகு 64 பிட் பரவலானது, 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7, கலைப்புக்கான பிட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. 24 பிட் கொடுத்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள்.

இவ்வளவும் எதிராளிக்குத் தெரியாது என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது. தெரிந்தவன் வந்தால்? 2021இல் அப்படி ஒன்று வந்தது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருளைச் செய்யும் என்எஸ்ஓ நிறுவனத்தின் கைவேலை, ஃபோர்ஸ்டுஎன்ட்ரி என்று பெயர் வைத்தார்கள். ஐபோனுக்கு ஒரு படம் போல வந்தது. பழைய ஃபேக்ஸ், ஸ்கேனர் காலத்துப் படமுறை ஒன்றின் தர்க்கச் செயல்களை மட்டும் வைத்து, 70,000க்கு மேற்பட்ட கட்டளைகளால், போனின் நினைவகத்துக்குள்ளேயே ஒரு சின்னக் கணினியைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கணினி உள்ளே உட்கார்ந்துகொண்டு, தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் தொடங்கி, தன் பக்கத்தில் எத்தனை அடி தள்ளி என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்து, மீதியைக் கணக்கிட்டுக்கொண்டது. தெரு எங்கே நகர்ந்தால் என்ன, அடகுக் கடைக்குள்ளேயே பிறந்தவனுக்கு? ப்ராஜெக்ட் ஸீரோ இதைப் பிரித்துக் காட்டிய விளக்கத்தைப் படித்த இரவு எனக்குக் கோபம் வரவில்லை. கோயில் சிற்பத்தைப் பார்த்தவன் மாதிரிதான் இருந்தேன். அது நல்ல உணர்ச்சி இல்லை என்று எனக்கே தெரியும். இதே பெகாசஸ் விவகாரத்தில்தான் அந்த அக்டோபர் 27 அன்று நம் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது.

முற்றும் அறிகிறவன் என்ற கேள்வி இங்கேதான் எனக்கு முள்ளாகிறது. சைவ சித்தாந்தத்தில் இறைவனின் எண்குணங்களில் ஒன்று முற்றுணர்தல். அவனுக்குத் தற்செயல் கிடையாது. என் எல்லாத் தெருவும் அவனுக்கு எப்போதும் அதே இடத்தில். அம்மா வெள்ளிக்கிழமை சந்திரசூடேஸ்வரர் மலைக்கு ஏறுகிறாள், மூட்டு வலியோடு. அங்கே போய் ஒன்றும் கேட்பதில்லை. “உனக்குத் தெரியாததா” என்று மட்டும் சொல்வாள். அவளுக்கு அது ஆறுதல். அதே வாக்கியத்தைப் பெகாசஸ் இருக்கும் போனைப் பார்த்துச் சொன்னால் வயிறு கலங்குகிறது. இரண்டிடத்திலும் எனக்குக் காவல் இல்லை, மறைவு இல்லை. ஒன்றை அருள் என்கிறோம், மற்றதை அத்துமீறல் என்கிறோம். ஏன்?

சித்தாந்தி சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: அவன் விருப்பு வெறுப்பு இல்லாதவன், தெரிந்துகொண்டு அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இதைக் கொஞ்சம் என் பாஷையில் போட்டுப் பார்க்கிறேன். தேடித் தெரிந்துகொள்கிறவனுக்கு ஒரு தேவை இருக்கும். தேவை இருப்பதால்தான் தேடினான். தேடாமலே தெரிந்தவனிடம் அந்தத் தேவை இருக்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அறிவுக்கு இல்லை, அறியத் துடிக்கும் பசிக்கு. இந்தப் பதில் முக்கால்வாசி எனக்குப் பிடித்திருக்கிறது. மீதிக் கால்வாசியில் ஒரு நெருடல்: பசி இல்லாதவன் எல்லாம் தெரிந்தும் ஏன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டால், ஆசீவகரின் சும்மா இருக்கும் நியதிக்கும் அவனுக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது. அருணந்தியார் இதற்கு வினை, மலம், பக்குவம் என்று நீண்ட விடை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

அண்ணன் மகள் இந்தப் பக்கம் கைப்பேசி உறுப்பு செய்யும் ஓர் ஆலையில் தரச் சோதனையில் இருக்கிறாள். அவள் செய்யும் உறுப்பு போனுக்குள் போகிறது. அவள் போன் கேட்டிலேயே லாக்கருக்குள் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவளிடம் முகவரிக் கலைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசீவகர் வரைக்கும் போகவிடவில்லை.

“சித்தப்பா, ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சே எடத்தை மட்டும் மாத்தி மாத்தி வெக்கறீங்க. ஓட்டையே இல்லாம எழுதினா என்ன?”

கேட்டது சரிதான். கொஞ்ச காலமாக உலகம் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது. ரஸ்ட் என்ற மொழியில் எழுதினால் பத்து எழுத்துக்கான இடத்தில் பதினோராவது விழவே விடாது. ஆண்ட்ராய்டு 2021 முதல் புதிய பகுதிகளை அதில் எழுதத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டின் ஓட்டைகளில் 76 விழுக்காடு இந்த நினைவக வகை; 2024இல் 24 விழுக்காடு என்று கூகுள் சொல்கிறது. குறள் ஊழுக்கும் ஒரு அதிகாரம் வைத்து, ஆள்வினை உடைமைக்கும் ஒரு அதிகாரம் வைத்ததே, அதில் இரண்டாவது கட்சி ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் பழைய சி மொழி வரிகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, என் பூட்லோடர் உட்பட. அவை ஓடும் வரை தெருவை நகர்த்துகிறவனுக்கும் சம்பளம் உண்டு என்றேன்.

“சரி, நகருதான்னு எப்படி செக் பண்ணுவீங்க? எங்களுக்கு கோ நோ-கோ கேஜ் இருக்கு. உள்ள போனா ஓகே, போகலைன்னா ரிஜெக்ட்.”

எங்களுக்கும் கேஜ் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும். சில்லு கொடுக்கும் எண்களை லட்சக்கணக்கில் எடுத்துப் புள்ளியியல் சோதனைகளில் ஓட்டுவோம். ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒன்றும் சுழியும் சமமாக இருக்கின்றனவா, ஏதாவது ஒழுங்கு தட்டுப்படுகிறதா என்று பார்க்கும். தேறாவிட்டால் சுற்று கெட்டது, திருப்பி அனுப்பலாம். தேறினால் அது தற்செயல் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு சீட்டை வைத்து நானே சாச்சா20இல் இழுத்த எண்களை நுழைத்தால், அடுத்த எண் என்ன என்று கடைசி வரை எனக்குத் தெரிந்த அந்த வரிசையும் அதே சோதனையில் ஜம்மென்று தேறும்.

“அப்போ ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?”

“பாஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன்” என்றேன்.